சின்னதாக இருக்கும்போதே

அன்புள்ள தினேஷுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போல் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நான் நலமா இல்லையா என்பது எனக்கே இன்னும் தெரியாது. அடுத்த ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நேற்றுக்கூட கட்டாரிலிருந்து வீடியோ கோலில் வந்து, கல்யாண மண்டபத்துக்கு எந்த நிறத்தில் திரை கட்டலாம் என்று கேட்டாய். ஆகவே அந்த வரியை இரண்டு பேருக்கும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நான் எப்போது ஒரு பேச்சைப் பேசி முடித்திருக்கிறேன்? நான் தொடங்கினால் நீ முடித்துவைக்கிறாய். "சரிம்மா, சரிம்மா, நான் பாத்துக்கிறேன்" என்கிறாய். கோபம் வந்து குரலை உயர்த்தினால் லைன் சரியில்லை என்கிறாய். வட்டகொடைப் பக்கம் லைன் சரியில்லாமல் போவது உண்மைதான். ஆனால் நான் கோபப்படும்போது மட்டும் எப்படிச் சரியில்லாமல் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச உன்னால் முடியாது. இதை நான் மூடி ஒட்டவும் போவதில்லை. உன் சின்னம்மா படிக்கட்டும், நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற எல்லோரும் படிக்கட்டும், உன்னைப் போல ஒரு மகனோ மகளோ உள்ள எந்த அம்மாவும் படிக்கட்டும். ஒளித்து வைத்துத்தான் காரியம் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது.

முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதைப் பாதிதான் காதில் வாங்கினாய். எனக்குச் சீனி வியாதி இருப்பது உனக்குத் தெரியும். அந்தச் சீனியும் கொழுப்பும் சேர்ந்து என் ஈரலைக் கெட்டியாக்கிவிட்டது என்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை வயிற்றை ஸ்கேன் பண்ண வரச்சொல்வார்கள், நானும் தவறாமல் போவேன். இந்தத் தடவை ஸ்கேனில் ஏதோ தெரிந்தது. மூன்று பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் கட்டி. புற்றுநோய்தான். ஆனால் ஒன்றே ஒன்று, அரைநெல்லிக்காய் அளவு.

அங்கே இருந்த டாக்டர் ஒரு சிங்களப் பெண். உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். தமிழை நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார், ஆனால் பேசுவார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது சின்னது. சின்னதா இருக்கிறது தான் எங்களுக்கு வேணும்" என்றார். வயிற்றைக் கிழிக்க மாட்டார்களாம். வெளியிலிருந்து ஒரு நீள ஊசியைக் குத்தி, ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பார்த்து, அதன் நுனியைக் கட்டிக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார்களாம். பிறகு நுனி சூடாகும். கட்டியும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல ஈரலும் சேர்ந்து வெந்துவிடும். வெட்டி எடுத்தால் என் மிச்ச ஈரல் தாங்காது, இதைத் தாங்கும் என்றார். ஆனால் சூடு எட்டும் தூரம் கொஞ்சம்தான். கட்டி பெரிதாகிவிட்டால் நடுவில் வெந்து ஓரத்தில் உயிரோடு மிஞ்சும், மிஞ்சியது திரும்பவும் வளரும். இதை அவர் எனக்கு இரண்டு தடவை சொன்னார். நான் உனக்கு நாலு தடவை சொன்னேன்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "சின்னதுதானேம்மா. கல்யாணம் முடியட்டும்."

நான் உன்னை மட்டும் குறை சொல்லமாட்டேன். இந்தப் பேச்சு தோட்டத்துப் பேச்சு. நீ லயத்தை விட்டுப் போய்க் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தாலும், பேச்சு உன்னை விட்டுப் போகவில்லை. இங்கே வியாதிக்கு ஒரே அளவுதான். காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க முடிந்தால் உனக்கு வியாதி இல்லை. நிற்க முடியாமல் விழுந்தால்தான் வியாதி. பிள்ளைக்காம்பராவில் இத்தனை வருஷம் மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். ஒரு குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுடத் தொடங்கினாலே மலையில் கொழுந்து எடுக்கிற தாய்க்கு ஆள் அனுப்புவேன். கங்காணி என்னைத் திட்டுவார். "லேசான காச்சல்தானே? இப்ப போனா அவளுக்கு அரைப்பேருதான் விழும், சாயந்தரம் பாத்துக்கலாம்" என்பார். அரை நாள் கூலி போய்விடுமே என்று சில தாய்மாரும் வரமாட்டார்கள். சாயந்தரம் அந்தக் குழந்தையை ஈரத் துணியோடு தூக்கிக்கொண்டு ஓடுவோம். லேசாக இருக்கும்போது போகவேண்டும் என்பதை இந்த மலையில் யாருக்கும் நான் புரியவைக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவனுக்குக்கூடப் புரியவைக்கவில்லை.

உன் அப்பாவை நினைத்துப் பார். கால் வீங்கியது, வயிறு வீங்கியது, கண் மஞ்சளானது. அந்த மனிதர் பெரட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். டிஸ்பென்சரியில் கேட்டால், "நடக்க ஏலுது தானே? இந்தக் குளிசையப் போடு" என்பார்கள். அவரும் அதைப் பெருமையாக வந்து சொல்வார். கடைசியில் கொழுந்து லொறியில் பாய் விரித்துத்தான் கொண்டுபோனோம். பெரிய டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, ஏன் இவ்வளவு நாள் என்பதுதான். அவர் குடித்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நாம் அவரைப் பிந்திக் கொண்டுபோனதற்குக் காரணம் குடி அல்ல. அவரால் நிற்க முடிந்தது, அவ்வளவுதான்.

அப்போது நீ பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். சாவு வீட்டில் வந்தவன் போனவனெல்லாம், குடிச்சுக் குடிச்சு ஈரல் கரைஞ்சு போச்சு என்று உன் காதுபடப் பேசினார்கள். அதற்குப் பிறகு ஈரல் என்ற வார்த்தையை நீ இந்த வீட்டில் சொன்னதே இல்லை. ஆட்டு ஈரல்கூட வாங்க விடமாட்டாய். அதனால் உன் பயம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஈரலில் கட்டி என்று நான் சொன்னதும் போனில் உன் முகம் எப்படிப் போனது என்று பார்த்தேன். பயந்த பிள்ளையை மடியில் போட்டுத் தட்டலாம். ஆனால் பயந்த பிள்ளை எனக்காக முடிவெடுக்கக் கிளம்பினால் நான் என்ன செய்வது?

ஒளிப்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள புத்தி. பள்ளிக்கூடத்து இல்லமெய்வல்லுநர் ஓட்டப்போட்டிக்கு முதல் நாள் பழைய கூரைத்தகரத்து ஆணி உன் காலில் ஏறியதே, அதைச் சொன்னால் ஓடவிடமாட்டேன் என்று காலுறைக்குள் துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு போய் ஓடினாய். மூன்றாவதாக வந்தாய். வீட்டுக்கு வரும்போது கால் உரல் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் உனக்கு ஊசி போட்ட நர்ஸ், ஏன் மகனே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சின்ன ஓட்டைதானே மிஸ்" என்றாய். அந்தப் போட்டியில் கிடைத்த பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் இன்னமும் உப்பு போட்டு வைத்திருக்கிறேன். கறிக்கு உப்பு எடுக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல் வரும். அது உன் கால், நீ ஒளித்தாய். இது என் ஈரல், தினேஷ்.

தீபாவளி முடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் எனக்குத் தேதி கொடுத்தார்கள். பையில் உடுப்பு, துவாய், செருப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். துணைக்குச் சின்னம்மா வருவதாகப் பேச்சு. முதல் நாள் நான் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது நீ கூப்பிட்டாய். "அம்மா, நான் ஆஸ்பத்திரிக்குப் பேசித் தேதிய மாத்திட்டேன். மாசியில வச்சிருக்காங்க. கல்யாணம் முடிஞ்சு நான் லீவுல இருக்கும்போதே செஞ்சிருவோம், நீங்க யோசிக்காதீங்க" என்றாய். குடும்பத்தில் அவசரமான விசேஷம் என்று சொன்னாயாம். அவர்களிடம் இருந்தது உன் நம்பர். மகன் நம்பர் என்று நான்தான் அவ்வளவு பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினேன். கல்யாணப் பந்தல் போட வழியில் நிற்கிற லொறியைத் தள்ளிவைப்பது மாதிரி என்னைத் தள்ளிவைத்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சின்னம்மாவிடம் சொல்லி அழுதால், அவள் உன் பக்கம். "தம்பி சொல்றது சரிதானே அக்கா? பரிசம் போட்டு வெத்தல மாத்துன பிறகு வீட்டுப் பெரியவங்க ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கலாமா? பொண்ணு வீட்டுல என்ன நெனப்பாங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உன் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடும்போது அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்க என்னைக் கூப்பிடப்போகிறீர்களா? இல்லை. தாலி இல்லாதவள் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்வீர்கள், சின்னம்மாதான் வைப்பாள். நானும் அதற்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை, வழக்கம் அப்படி. ஆனால் அந்தக் காலைத் தொடக்கூடாத என் கை விலகி நிற்கவேண்டும், என் ஈரல் மட்டும் அந்தக் காலுக்காகக் காத்துக் கிடக்கவேண்டும் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

அதற்கு மேல், நீ கட்டப்போகிற ஷர்மிளா வீட்டில் எனக்கு கேஸ்டிக், வெறும் வாயுக்கோளாறு என்று சொல்லியிருக்கிறாய். அவள் அம்மா எனக்கு ஓமத் தண்ணீர் போத்தல் அனுப்பியிருந்தார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன முகத்தோடு நிற்பது? ஈரல் என்று சொன்னால், அப்பன் குடித்துச் செத்தான், இப்போது ஆத்தாளுமா என்று கேட்பார்கள் என்று உனக்குப் பயம். கேட்டால் கேட்கட்டும். நான் குடிக்காதது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நமக்குத் தெரிந்ததை நிமிர்ந்து சொல்ல உனக்கு வாய் வரவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவர்கள் வீட்டுக்குப் போக வட்டகொடையில் பூண்டுலோயா பஸ் ஏறினேன். சம்பந்தி தையல் கடையைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டு, எனக்கு வந்திருப்பது கேஸ்டிக் இல்லை, ஈரலில் புற்றுநோய்க் கட்டி, சின்னது, சூடு வைத்துக் கருக்கிவிடலாம், ஆனால் உங்கள் மாப்பிள்ளை தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறார் என்று நேராகச் சொல்லிவிட்டேன். பிறகு ஷர்மிளாவின் அம்மா மெல்ல, "தப்பா நெனச்சுக்காதீங்க... உங்களுக்கும் ஏதும் பழக்கம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். "இருக்குங்க, இப்ப நீங்க ஊத்திக் குடுத்தீங்களே, இதே தேத்தண்ணிதான், அதுவும் சீனி போடாம" என்றேன். பாவம், அந்த அம்மா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

சம்பந்தி வேறு கணக்கில் இருந்தார். "நான் மனசுல பட்டதச் சொல்றேன் சம்பந்தி, கோவிக்காதீங்க. கட்டிங்கிறீங்க, ஊசிங்கிறீங்க. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் செய்ய ஏலாது. பேசாம கல்யாணத்த முன்னுக்கு இழுத்துருவோமா?" என்றார். நல்ல மனிதர்தான், வஞ்சகம் இல்லாமல்தான் சொன்னார். நான் செத்தால் கல்யாணம் தள்ளிப்போகும், நான் வைத்தியம் பார்த்தால் கல்யாணத்துக்குத் தடங்கல், நான் சும்மா இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. நான் செத்துப்போவேனோ என்பதைப் பற்றி அந்த அறையில் யாருக்காவது தனியாகக் கவலை இருந்ததா என்று பார்த்தேன். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு உன் ஷர்மிளா நின்றாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "பழைய தேதி போயிருச்சுன்னா புதுத் தேதி கேக்கலாந்தானே மாமி? எப்ப போறீங்க? நான் வர்றேன்" என்றாள். "கல்யாணத்துக்கு முந்தி நீ அவங்க வீட்டோட போறதா?" என்று அவள் அம்மா தொடங்கினார். "ஆஸ்பத்திரிக்குத்தானேம்மா போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போனோம். மூன்று பஸ்ஸிலும் அவள் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டுக்கொடுத்தாள். கிளினிக்கில் நர்ஸ் என்னைக் கண்டதும், மகன்தானே மாற்றினார், மாசியில் அல்லவா வரவேண்டும் என்றார். மாற்றியது மகன், கட்டி என்னுடையது என்றேன். டாக்டரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் கூப்பிட்டார். அன்றைக்கே திரும்பவும் ஸ்கேன் பார்த்தார். பார்க்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைநெல்லியாக இருந்தது முழு நெல்லிக்காய்க்குக் கிட்ட வந்துவிட்டது. ஒரு பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஒன்றை நெருங்கியிருந்தது. "இன்னும் ஏலும் அம்மா. இதுக்கு மேல பிந்த வேணாம்" என்றார். தீபாவளி நேரம் அந்தப் பக்கம் இவ்வளவு கிட்ட வரவில்லை என்றும் சொன்னார். உன்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஷர்மிளா என் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குச் சொல்லாமலே விளங்கியது.

மார்கழியில் செய்தார்கள். ஆமாம், செய்தாகிவிட்டது. நேற்று நீ திரைக்கு நிறம் கேட்டபோது என் வலது விலாவுக்குக் கீழே பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. குளிருக்குப் போர்த்தியிருக்கிறேன் என்று நீ நினைத்தாய். "அங்க பயங்கரக் குளிர் போல" என்று கூடச் சொன்னாய்.

எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியவேண்டும், அடுத்த தடவை வேறு யாருக்காவது வந்தால் கதை கட்டாமல் இருக்க. நம் லயத்தில் ஏற்கனவே, உள்ளுக்குள் நெருப்புக் கொள்ளி வைப்பார்களாம், வாயால் புகை வருமாம் என்று பேசிக்கொண்டார்கள். புகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஒரு கட்டிலில் படுக்கவைத்து, ஜில்லென்று பசை மாதிரி ஒன்றைப் பூசி, ஸ்கேன் பெட்டியை வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். கையில் மருந்து ஏறியது, பாதித் தூக்கம் மாதிரி இருந்தது. தோலை மரத்துப்போகச் செய்துவிட்டு ஊசியை இறக்கினார்கள். டாக்டர் என் பக்கம் பார்க்கவே இல்லை, அவர் கண் முழுக்கத் திரையில் இருந்தது. "அம்மே, ஹுஸ்ம கன்ன... தியாகன்ன" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த நேரம் அவருக்குத் தமிழ் மறந்துவிட்டது போலிருக்கிறது, எனக்கும் சிங்களம் தமிழ் என்று ஒன்றும் தெரியவில்லை, பிடித்துக்கொண்டேன். ஈரல் மூச்சோடு மேலும் கீழும் போகுமாம், அது அசையாமல் நிற்கும்போதுதான் ஊசி சரியான இடத்துக்குப் போகும். பிறகு மெஷின் உறுமியது. திரையில் கட்டி இருந்த இடத்தில் வெள்ளையாகப் பொங்கியது, பால் பொங்குவது மாதிரி. வலது தோள்பட்டையில் ஒரு வலி வந்தது பார், கட்டி வயிற்றில் இருக்கத் தோள் ஏன் வலிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் என் தோளைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு பானைச் சோறு வடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் காய்ச்சலும் அசதியும் இருந்தது, ஷர்மிளாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இவ்வளவுதான், இதற்குத்தான் நீ என்னை மாசி வரைக்கும் காத்திருக்கச் சொன்னாய்.

முடிந்த பிறகு டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். "நல்லா வெந்திருக்கு. அந்த ரத்தக்குழாய் பக்கம் மட்டும் எனக்கு யோசனை. ரத்தம் ஓடும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்த ஓரம் முழுசா போச்சா இல்லையான்னு ஒரு மாசம் கழிச்சு ஸ்கேன் பார்த்துத் தான் சொல்லுவேன்" என்றார். போயிருந்தால் நல்லது. போயிருக்காவிட்டால் இன்னொரு தடவை சுடுவார்கள், அதுவும் சின்னதாக இருக்கும்போதே போனால்தான்.

உனக்குச் சொல்லாமல் செய்தீர்களே, நீங்களும் ஒளித்தீர்கள் தானே என்று கேட்பாய். ஆமாம், ஒளித்தேன். சொன்னால் நீ மறுபடியும் போன் பண்ணிவிடுவாய் என்று பயந்தேன். பெற்ற மகனுக்குப் பயந்து ஒரு தாய் வைத்தியம் செய்துகொள்ள வேண்டி வந்ததே, அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. காய்ச்சல் ஆறிவிட்டது, ஊசி குத்தின இடமும் ஆறிக்கொண்டு வருகிறது, இது ஆறமாட்டேன் என்கிறது.

நீ கெட்ட மகன் என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன். பத்துப் பேர் சேர்ந்து வந்து சொன்னாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன். உன் உழைப்பில்தான் இந்த வீட்டுக்குத் தகரம் மாறியது. கல்யாணத்தில் என்னை முதல் வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று நீ அங்கேயிருந்து எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய் என்பதும் என் காதுக்கு வந்தது. என்னை உட்காரவைப்பதற்கு முன்னால் நான் உயிரோடு இருக்கவேண்டும் என்பது மட்டும் உன் யோசனையில் எப்படிப் பின்னுக்குப் போனது? அம்மாவுக்கு எது நல்லது என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாய். அம்மாவிடமே கேட்டிருந்தால் ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

கல்யாணம் பண்ணப்போகிறவனுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நாளைக்கு ஷர்மிளாவுக்குத் தலை வலித்தாலும் கால் வலித்தாலும் முதலில் அவளைக் கேள். அவளுக்குப் பதிலாக நீ பயப்படாதே. பயம் வந்தால், பயமாக இருக்கிறது என்று அவளிடமே சொல். அவள் தாங்குவாள், நான் பார்த்துவிட்டேன். அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது என்று சொன்னால், சின்னதுதானே என்று உன் வாயில் வரக்கூடாது. உன் உடம்பும் அப்படித்தான். நீ அப்பாவின் பிள்ளை, என் பிள்ளையும்கூட. லீவில் வரும்போது சீனியும் ஈரலும் பார்த்துக்கொள். கட்டாரில் வேலைக்குப் போய் நிற்க முடிகிறது என்பது ஒரு கணக்கே இல்லை. அங்கேயும் ஒரு பெரட்டுக்களம் இருக்கிறது, நீ சட்டையும் டையும் போட்டுக்கொண்டு அதில் நிற்கிறாய், அவ்வளவுதான்.

பெண் வீட்டில் கல்யாணத்தை முன்னுக்கும் இழுக்கவில்லை, பின்னுக்கும் தள்ளவில்லை. சம்பந்தி போன கிழமை என்னைப் பார்க்க வந்து, உட்கார்ந்து, வெகுநேரம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். போகும்போது, "ஸ்கேன் எப்பங்க?" என்று கேட்டார். அதுவே போதும் எனக்கு.

அந்த ஸ்கேன் தேதியைத்தான் உனக்கு இப்போது சொல்லவேண்டும். நீ வந்து இறங்குகிற வாரம்தான் அது. முகூர்த்தக்கால் நடக் குறித்திருக்கிறதே, அதே நாள், அதே காலை. நான் இருக்கமாட்டேன். நீ குளித்துவிட்டு, சின்னம்மாவைக் கூப்பிட்டு, முகூர்த்தக்காலை நட்டு, பூசை முடித்து வை. திரைக்கு நீ கேட்டாயே, மஞ்சள் கட்டு. யாராவது அம்மா எங்கே என்று கேட்பார்கள். கேஸ்டிக் என்று சொல்லாதே. ஈரலில் புற்றுநோய் வந்தது, சுட்டாங்க, சரியாப் போச்சான்னு பாக்கப் போயிருக்காங்க என்று சத்தமாகச் சொல். குடித்தாரா என்று கேட்டால், இல்லை என்று சொல். அவ்வளவுதான் நான் உன்னிடம் கேட்கிற கல்யாணப் பரிசு.

இந்தக் கடிதத்தை ஷர்மிளா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அவள் முதலில் படித்துவிட்டாள், "மாமி, கொஞ்சம் காரம் கூடிப்போச்சு" என்றாள். காரத்தைக் குறைக்கவா என்று கேட்டேன். "வேணாம், இருக்கட்டும்" என்றாள்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், தகவல் சொல்ல யார் நம்பர் போடுவது, பழையபடி மகன் நம்பரா என்று கேட்டார். ஷர்மிளா தன் நம்பரைச் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். உன் நம்பரைக் கோடு போட்டு அடித்துவிடச் சொல்லி, என் நம்பரை நானே ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி எழுதவைத்தேன். அதனால் அந்தத் தேதியை மாற்ற வேண்டுமென்றால் இனி நீ அங்கே கூப்பிட்டுப் பிரயோசனமில்லை மகனே. என்னைத்தான் கூப்பிடவேண்டும். லைன் நன்றாகத்தான் இருக்கும்.

உன்மேல் கோபமாகவும், நீ வருகிற நாளை எண்ணிக்கொண்டும்,
அம்மா